பத்து மணிக்குப் பார்த்த சந்தி

குற்ற உணர்ச்சி வந்தால் மனிதர்கள் இளைத்துப் போவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நகராண்மைக் கழகத்தில் திட்டமிடல் அதிகாரியாக இருக்கும் சுகுமாரனுக்கு அது தோசையாகவும் நாசி லெமாக்காகவும் உள்ளே இறங்கியது. ஒரே வருடத்தில் அவன் பெருத்த பெருக்கில், அலுவலகத்துச் சுழல் நாற்காலி சுழல்வதை நிறுத்திக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் நாற்காலியைத் தொடவே இல்லையாம். சுகுமாரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டு போய்விட்டாராம். நான் சொல்வதை நம்பாதவர்கள் நாற்காலியைக் கேட்டுப் பார்க்கலாம்.

லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். அப்பா பால்மரம் வெட்டினார். அம்மா விடியுமுன்னே கம்பெனி வேன் ஏறிக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் அவன் ஜொகூர் வரை போய் நகரத் திட்டமிடல் படித்தான். எந்தச் சாலை எவ்வளவு அகலம், எங்கே கால்வாய், எங்கே கடை, எங்கே வீடு என்று வரைந்து தருவது அவன் வேலை. வரைபடத்தில் நீலம் பூசினால் அங்கே கடை வரும், ஊதா பூசினால் தொழிற்சாலை வரும். ஒருமுறை பச்சையாக இருந்த தோட்டத்தை ஒரே மத்தியானத்தில் ஊதாவாக்கிவிட்டான். மறுநாள் அங்கே மேய்ந்த மாடு ஊதா நிறத்தில் பால் கறந்தது என்று டவுனில் பேச்சு. பால் விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை. தோட்டம் மாறியது உண்மை.

ஆனால் ஆள் யோக்கியன். யாரிடமும் ஒரு தேநீர்கூட இனாமாக வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவன் செய்த தப்பு இது.

டவுன் சந்தியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் சாலையோரமாகச் சில அங்காடிக் கடைகள். முதல் கடை ரமணியுடையது. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மாவு வாளியைக் கட்டிக்கொண்டு வந்து தோசை சுடுவாள். தேங்காய்ப்பால் சோற்றில் காரச் சம்பல் வைத்து நாசி லெமாக்கும் கட்டி வைத்திருப்பாள். சந்தியில் நெரிசல் என்று புகார் வந்ததும், கடைகளை என்ன செய்யலாம் என்று பார்த்து எழுதும் வேலை சுகுமாரனிடம் வந்தது.

அவனும் வரைவாளர் காளிதாசனும் இடத்தைப் பார்க்கப் போனார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. அரசாங்க வேலையில் இடம் பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. எட்டு மணிக்குக் கைரேகை வைக்க வேண்டும். கார் சாவிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சாவி வைத்திருப்பவர் பசியாறிவிட்டு வர வேண்டும். எப்படி ஓடினாலும் சந்திக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. அந்த நேரத்தில் ரமணி சட்டி கழுவிக்கொண்டிருப்பாள். மற்ற கடைகளில் பாதி தார்ப்பாய் மூடிக் கிடக்கும்.

"ஈ காக்கா இல்லையே சார். இதுக்கா ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க?" என்றான் காளிதாசன்.

"ஆமா லா, எனக்கும் அதான் தோணுது," என்றான் சுகுமாரன்.

பயன்பாடு குறைவு என்று எழுதினான். சந்திக்குப் பின்னால் புதிதாக ஓர் உணவு வளாகம் வரைந்தான். மின்விசிறி, பளிங்குத் தரை, கழிப்பறை எல்லாம் வைத்தான். பழைய இடத்தில் சாலையை அகலப்படுத்தி, ஓரமாக நீளத்துக்குப் பூச்செடி வேலி வைத்தான். அந்த வேலியைப் பார்த்து எங்கள் டவுனுக்கு அழகிய நகரம் என்று ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. கழகத்து இயக்குநர் அதைத் தன் அறை வாசலில் வைத்துக்கொண்டார்.

வளாகம் திறந்த அன்று ரமணி முதல் தோசையை அவனுக்குத்தான் வைத்தாள்.

"நல்லா இருப்ப தம்பி. மழ வந்தா இனிமே அடுப்புக்குக் கொட புடிக்க வேணாம். நம்ம பையன் ஒருத்தன் பெஜாபாட்ல ஆபீசரா இருக்குறது எவ்ளோ நல்லது பாரு!"

சில வாரம் கழித்து, மனைவி ஷாமளாவைப் பினாங்கில் ஒரு பயிற்சிக்கு விட வேண்டி, வெளிச்சம் வருமுன்னே கார் எடுத்தான். சந்தியில் சிவப்பு விளக்கு. கார் நின்றது. பூச்செடி வேலி நெடுக ஆட்கள். நீலச் சட்டை போட்ட தொழிற்சாலைப் பெண்கள், தலைக்கவசத்தோடு ஆண்கள். ஒரு தோட்டமே பெயர்ந்து வந்து நின்றது போல இருந்தது. வேன்கள் வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போயின. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறையில் காய்ந்த ரொட்டி.

"இங்கதானே ரமணி அக்கா கட இருந்துச்சு?" என்றாள் ஷாமளா. "பாவம், ரொட்டியக் கடிச்சுக்கிட்டு நிக்கிதுங்க. பின்னாடி போய் வாங்கலாம்ல?"

"வேலி இருக்கு. சுத்திக்கிட்டுப் போவணும்."

"போனா?"

"வேன் நிக்காது."

அது அவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் அம்மா ஓடிப்போய் ஏறிய வேன் அது. விளக்கு பச்சையானது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவனுக்குக் கியர் போடத் தோன்றவில்லை.

அன்று தொடங்கியது அந்தத் தீனி. அலுவலகம் போகுமுன் ரமணி கடையில் தோசை, வேலை நேரத்துக்கு நாசி லெமாக் பொட்டலம், காளிதாசனுக்கு ஒன்று, வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஒன்று. வளாகத்தில் மின்விசிறிகள் காலி மேசைகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். அவன் மட்டும் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பான்.

"என்னா தம்பி, ஷாமளா கோச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" என்று ரமணியே கேட்டாள். இரண்டே நாளில் செய்தி திகாம் பத்து ஊர் வரை போய், ஷாமளா ஆஸ்திரேலியாவில் இருப்பதாகத் திரும்பி வந்தது. ஷாமளா வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

"நீங்க தின்னே அந்தக் கடையக் காப்பாத்திடுவீங்களா? மீட்டிங்ல போய் வாயத் தொறந்து சொல்லுங்க. திங்கிறதுக்கு மட்டும் நல்லாத் தொறக்குதுல்ல?"

சொல்ல நினைத்தான். இயக்குநர் அறை வாசல் வரை போவான், கேடயத்தைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடுவான். வளாகத்தில் மற்ற கடைகள் ஒவ்வொன்றாகத் தார்ப்பாய் போட்டன. ரமணி மட்டும் நின்றாள். அவளாவது தாக்குப்பிடித்தால் போதும், தப்பு பாதியாகக் குறைந்துவிடும் என்று அவன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

ஒரு காலையில் தட்டை வைத்துவிட்டு, ரமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்பல் எப்படி இருக்கு, உண்மையச் சொல்லு."

"நல்லாதான்கா இருக்கு."

"இல்ல தம்பி. ஆளு வராததுக்கு அதான் காரணம். போன மாசம் நெத்திலி கூட்டிப் போட்டேன், வரல. இப்ப சீனியக் கொறச்சிருக்கேன். வயசாச்சுல்ல, நாக்கு செத்துப் போச்சு போல."

சுகுமாரன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான்: சந்தியைப் பத்து மணிக்குப் பார்த்தேன், அதன் கூட்டம் ஆறு மணிக்கு; அந்தத் திட்டம் தப்பு, தப்பு என்னுடையது. ஏன் ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று இயக்குநர் கேட்டார். கார் சாவி எட்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்று காளிதாசன் உதவிக்கு வந்தான். சிலர் சிரித்தார்கள். சுகுமாரன் சிரிக்கவில்லை. என் சொந்தக் கார் வீட்டு வாசலில்தான் நின்றது என்றான். அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கடைகள் சாலையோரத்துக்குத் திரும்பாது என்று முடிவானது. வேலியை வெட்டி, வேன்களுக்கு ஒரு நிறுத்தமும் அங்கிருந்து நேராக வளாகத்துக்கு ஒரு பாதையும் போட ஒப்புக்கொண்டார்கள். அவன் ரமணியிடம் ஓடினான். அம்மா ஏறிய வேன் வரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் சம்பல்ல ஒண்ணும் இல்ல?"

"இல்லக்கா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவன் சொன்னான். கடை திறந்த சில வாரத்திலேயே.

"அத்தன நாளும் இங்கதான ஒக்காந்து தின்ன? என் வீட்டுக்காரர்கூட 'ஒனக்குச் சமைக்கத் தெரியலடி'ன்னு சொல்லிட்டாரு. அவருகிட்ட நானும் ஆமான்னேன்." அடுப்பை அணைத்தாள். "எந்திரி தம்பி. கையக் கழுவு. கட மூடணும்."

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. பாதை போடும் குத்தகைக்காரர் வருவார், வருவார் என்றார்கள். பாதை போட்டு முடிவதற்குள் ரமணி கடையைக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாள்.

நிறுத்தம் திறந்த மறுநாள் சுகுமாரன் விடியலில் போய் நின்றான். பாதை நெடுக ஆட்கள் போவதும் பொட்டலத்தோடு திரும்பி ஓடி வருவதுமாக இருந்தது. வேன்கள் வரிசையாக நின்றன. அவன் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. கூட்டத்தில் நீலச் சட்டை போட்டு ரமணி நின்றாள். கையில் அவளும் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள்.

"அக்கா, இப்ப வழி தெறந்தாச்சு. ஒங்க கடைய மறுபடி..."

"ஃபேக்டரில வருஷக் காண்ட்ரேக் போட்டுட்டேன் தம்பி. ஒங்கம்மா ஏறுன வேன்தானே, நானும் ஏறிப் பாக்குறேன்."

அவள் வளாகத்தின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என் எடத்துல யாரு?"

"உமையாள்னு ஒருத்தங்க. லூனாஸ்காரங்க."

"கூட்டம் நிக்கிது. நல்லா இருக்கட்டும்." பொட்டலத்தை மூக்கருகே வைத்து மோந்தாள். "வெங்காயம் சரியா வதங்கல. தீய கொறச்சு வெக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

"சரிக்கா."

வேன் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். கண்ணாடிக்குள்ளே அவள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள். சுகுமாரன் கையைத் தூக்கினான். அவள் பார்க்கவில்லை, பசி நேரம்.