வாத்துக்குஞ்சை வளர்த்த கோழி

ரெட்டியார்பாளையத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. ஒரு சேனலுக்காகக் குழந்தைகளின் கார்ட்டூன் தொடர் செய்து கொடுக்கிறோம். ஒரே தெருவில் குடியிருக்கும் கோழி, ஆடு, வாத்து, பூனை ஆகியவற்றின் கதை. ஒவ்வொரு எபிசோடும் பதினொரு நிமிடம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே எடிட்டராகச் சேர்ந்தவள் நான். வரைந்து வரும் காட்சிகளை வரிசைப்படுத்தி, நீளம் குறைத்து, குரலையும் இசையையும் பொருத்தி அனுப்புவது என் பொறுப்பு.

போன வருடம் சேனலிலிருந்து ஒரு தலைப்பு வந்தது: தத்தெடுத்தல். கூடவே, செய்யக்கூடாதவை என்று சில குறிப்புகள். அநாதை என்ற சொல் வரக்கூடாது. பெற்றவளைக் கெட்டவளாகக் காட்டக்கூடாது. வளர்ப்பவர்களைத் தியாகிகளாகவும் காட்டக்கூடாது. குழந்தை நன்றி சொல்லி அழக்கூடாது. படித்ததும், யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நானும் தத்துப்பிள்ளைதான். ஸ்டூடியோவில் யாருக்கும் அது தெரியாது.

கதை பேச உட்கார்ந்தபோது எல்லாரும் முதலில் காக்கைக் கூட்டில் குயில் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கதையில் குயில் ஏமாற்றுகிறது, காக்கை தெரிந்துகொண்டதும் கொத்தித் துரத்துகிறது. இரண்டில் எதையும் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல முடியாது. எங்கள் தொடரை எழுதுபவர் வில்லியனூர் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணா என்போம். அவர்தான் கோழியைக் கொண்டுவந்தார்.

"எங்கூட்ல வாத்து முட்டைய கோழிக்குத்தான் அடை வெப்பாங்க. வாத்து ஒழுங்கா குந்தாது. பொரிஞ்சதும் கோழி அத தன் குஞ்சுன்னே இட்டுக்கினு திரியும். ஒரு நாளு அது கொளத்த பாத்துடும். நேரா போயி எறங்கிடும். அப்ப பாக்கணுமே கோழிய."

சொல்லிவிட்டு எழுந்து, கைகளை மடக்கி இறக்கையாக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்திக்கொண்டே ஓடிக் காட்டினார். வரைபவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்து, "போதும்ண்ணா, கீழ டைல்ஸ் ஒடையப் போவுது. இதான் கதை," என்றார்.

ஒரு வாரத்தில் அண்ணா எழுதிக் கொடுத்தார். கோழியின் குஞ்சுகளோடு ஒரு வாத்துக்குஞ்சும் வளர்கிறது. மூத்த சேவல்குஞ்சு அதைக் கேலி செய்கிறது. கோபித்துக்கொண்டு ஓடிய வாத்துக்குஞ்சு குளத்தில் இறங்கிவிடுகிறது. கோழி கரையில் பதறுகிறது. சாயங்காலம் குஞ்சு தானே நீந்தித் திரும்பி, ஈரத்தோடு கோழியின் இறக்கைக்குள் புகுந்துகொள்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வரியைத் தவிர.

சேவல்குஞ்சின் கேலி இது: "ஒன்னய தவுட்டுக்கு வாங்குனாங்க."

தமிழ் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது புதிதில்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்து, தவிடு போட்டுத் திரும்ப வாங்குவார்கள். அந்த வழக்கம் போய்விட்டாலும் கேலி தங்கிவிட்டது. அண்ணன் சொல்வான், சித்தப்பா சொல்வார், குழந்தை உதட்டைப் பிதுக்கும், எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா தூக்கிக்கொள்வாள்.

உப்பளத்தில் எங்கள் தெருவிலும் எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்டு அழுதவர்கள்தான். என்னிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை. ஏழு வயதிருக்கும்போது அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மாமா மூவரையும் வரிசையாக நிற்க வைத்து, இவன் ஒரு படி தவிடு, இவள் அரைப் படி, சின்னவன் அளந்தபோது கீழே சிந்தியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவன் ஓவென்று அழுதான். நான் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.

"மாமா, என்ன எவ்ளோ தவுட்டுக்கு வாங்குனாங்க?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை என் கையில் ஒரு வடையைத் திணித்து, "நீ போயி டிவி பாரு கண்ணு," என்றாள். அம்மா ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மறுபடி கழுவினாள். மற்ற பிள்ளைகளுக்குச் சொன்னது பொய் என்பதும், என்னிடம் சொல்லாததற்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்பதும் அன்றைக்கே எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

கல்லூரி முதல் வருடத்தில் அப்பா சொன்னார். அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மழைக்கு ஒதுங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் பைக்கோடு நின்றிருந்தபோது, நானாகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆனா அம்மாகிட்ட கேக்காதம்மா. அவளா சொல்லட்டும். என்னைக்காச்சும் சொல்லுவா. நீயா கேட்டின்னா, நம்மள வேணாம்னுட்டு போவப்போறான்னு நெனச்சிக்குவா."

சரி என்றேன். அம்மா சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அவள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது. அவளுக்காகத்தான். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால்கூட, "உங்க வீட்ல யாருக்காவது ஆஸ்துமா உண்டா?" என்று அவர் என்னைக் கேட்கும்போது, பதில் சொல்லும் முன் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதைச் சுமந்துகொண்டு எத்தனை வருடம் இருப்பாள். எங்கள் தொடர் ஞாயிறு காலையில் வரும். அம்மா ஒன்றைக்கூட விடுவதில்லை. இந்தக் கோழியைப் பார்த்தாவது அவளுக்கு வாய் வரும் என்று நினைத்தேன். அதனாலேயே அந்த வரி அதில் இருக்கக்கூடாது.

தவிடு வேண்டாம் என்று ஸ்டூடியோவில் சொன்னேன்.

"ஏம்மா? எங்கண்ணன் டெய்லி சொல்லுவான். நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார் அண்ணா.

"உங்களுக்கு அது பொய். பாக்கற பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு அது நெஜமா இருக்கும்ல."

"அதுக்காக சிரிப்பே இல்லாம எடுக்க முடியுமா? சேனல்காரன் கொட்டாவி விடுவான்."

இயக்குநர் பென்சிலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எடுத்துடலாம். ஆனா கேலி இல்லன்னா குஞ்சு ஏன் கோச்சிக்கிட்டு கொளத்துக்கு ஓடுது? வேற சண்ட ஒண்ணு வேணும்." புழுவுக்காகச் சண்டை என்று முடிவானது. சேற்றில் வழுக்கி விழுவதெல்லாம் சேர்த்து, அது பழைய கேலியைவிட நீளமாகிவிட்டது. இதற்கிடையே சேனலிலிருந்து இன்னொரு திருத்தம் வந்தது: பெற்ற வாத்து எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள், அதையும் காட்டுங்கள். ஆகவே குளத்தின் அக்கரையில் ஒரு பெரிய வாத்து வந்தது. குஞ்சு அதனிடம் நீந்திப் போகும். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று வரும்.

டைம்லைனில் போட்டுப் பார்த்தபோது பதினொரு நிமிடத்தைத் தாண்டி நின்றது. வெட்டக்கூடிய இடங்களை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, புழுச்சண்டையை எடுத்துவிட்டுச் சின்னதாக இருந்த தவிட்டையே திரும்ப வைப்பது. மற்றொன்று, சாயங்காலம் குஞ்சு திரும்பி வந்து இறக்கைக்குள் புகும் ஷாட்டை நீக்குவது.

"கடைசிப் பாட்டுல எல்லாரும் தெருவுல ஒண்ணா ஆடறாங்கல்ல? குஞ்சும் கோழி பக்கத்துல நிக்கிது. திரும்பி வந்துடுச்சின்னு புரிஞ்சிடும். நீயே பாத்து செய்," என்றார்.

நான் தவிட்டைத் திரும்ப வைக்காமல், குஞ்சு திரும்பி வரும் ஷாட்டை நீக்கினேன். அம்மாவின் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது என்பது மட்டுமே அப்போது என் மனதில் இருந்தது.

அந்த எபிசோடு வந்த ஞாயிறு அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன்காரியிடம் எறா வாங்கி வந்திருந்தாள். தொடர் தொடங்கும் நேரம் என்று, தரையில் பேப்பர் விரித்து, பாத்திரத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்து உரித்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். புழுச்சண்டைக்கு அம்மா சிரித்தாள். "அந்த சேவல் ஒங்க அத்த பையனாட்டமே முழிக்குது," என்றாள். குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் கை நின்றது. கோழி கரையில் ஓடியது. அக்கரையில் பெரிய வாத்து தெரிந்தது. குஞ்சு நீந்திப் போய் அதோடு சேர்ந்து ஒரு சுற்று வந்தது. கோழி கரையில் நின்று பார்த்தது. இசை உயர்ந்தது. பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் சேனல் சோப்பு விளம்பரத்தைப் போட்டுவிட்டது.

அம்மா விளம்பரத்தையும் முழுதாகப் பார்த்தாள்.

"அந்த குஞ்சி திரும்பி வரலியா?"

"வரும்மா. கடைசிப் பாட்டுல இருக்கு. இவனுங்க வெட்டிட்டானுங்க."

"கதைய நீயா எழுதுன?"

"இல்லம்மா. அண்ணாதான். நான் வெட்டி ஒட்றதுதான்."

"எது இருக்கணும் எது போவணும்னு பாக்கறது எடிட்டர்னு நீதான சொன்ன."

அம்மா ஓர் எறாவை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"ஒங்கப்பா சொல்லிட்டாரா?"

"சொன்னாரு. காலேஜ் சேந்தப்ப."

"பாரேன் அந்த ஆள. சாவற வரைக்கும் எங்கிட்ட மூச்சு வுடல. கல்லுளிமங்கன்." சிரிப்பு வருவதுபோல் வந்து போனது. "அப்ப இத்தன வருஷமா தெரிஞ்சிதான் எங்கூட இருந்தியா?"

"ஆமாம்மா. தெரிஞ்சி இருந்தா என்ன, தெரியாம இருந்தா என்ன?"

"அவங்கள பாக்கணும்னா போயி பாரு. நான் அந்த கோழி மாதிரி கத்த மாட்டேன்."

"எனக்குப் பாக்கணும்னுலாம் இல்லம்மா. சத்தியமா இல்ல."

"இல்லாமியா ஊரே பாக்கற மாதிரி டிவில போடுவ?"

லேப்டாப்பை எடுத்து வந்து, நான் நீக்கிய ஷாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். குஞ்சு கரையேறுகிறது. உடலை உதறுகிறது. கோழி இறக்கையை விரிக்கிறது. அம்மா ஈரக்கையை மடியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கு. ஏன் எடுத்துட்ட?"

"நேரம் பத்தலம்மா." உண்மைதான் அது. அதைத் தாண்டி விளக்க வேண்டுமானால் அந்த வார்த்தையை நானே அவள் முன் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

"ம்," என்றாள். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். இத்தனை வருடம் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால், அறையைக் காலி செய்கிறவர் சாவியை ஒப்படைப்பதுபோல் சொன்னாள். கடலூர் பக்கம். கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம். பெற்றது சின்னப் பெண், கல்யாணம் ஆகவில்லை. "நான் பாக்கல. சிஸ்டர்தான் சொன்னாங்க. ரெண்டு நாளு பால் குடுத்துச்சாம். மூணாம் நாளு அவங்கம்மா வந்து இட்டுகினு பூட்டாங்களாம். இதான் எனக்கு தெரிஞ்சது. மறைக்கல. இதுக்கு மேல இல்ல."

"போதும்மா."

"நீ கேக்கணும்னா கேளு. தெரிஞ்சா சொல்றேன்."

"போதும்மா," என்று மறுபடி சொன்னேன். அன்றைக்கு எறாக் குழம்பில் உப்பு இல்லை. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

அதன்பிறகு அம்மா மாறிவிட்டாள். முன்பெல்லாம் என் அறைக்குள் திட்டிக்கொண்டே நுழைவாள், இப்போது கதவருகே நின்று, "வேலையா இருக்கியா?" என்று கேட்கிறாள். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடச் சொல்ல மாட்டாள். "நேரம் இருந்தா" என்கிறாள். நேரம் ஆனதற்குத் திட்டுவதில்லை. நான் எங்கேயும் போகவில்லை என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சரி, சரி என்கிறாள். வேலையில் என்றால் தவறான ஷாட்டைத் திரும்பப் போட்டு மறுபடி அனுப்பிவிடலாம். சேனல்கூட மறுஒளிபரப்பில் பாட்டைச் சேர்த்துவிட்டது. அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டாள்.

போன வாரம் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்து வந்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஒன்ன இன்னா பேரு சொல்லி கூப்ட்டிருக்கும்?"

"பேரு வெச்சிருக்க மாட்டாங்கம்மா. ரெண்டு நாளுதான."

"ரெண்டு நாளுன்னாலும் மடியில வெச்சிக்கினு எதுனா சொல்லி கூப்ட்டிருக்கும்ல. பெத்தவ சும்மாவா இருப்பா. நான் ஒனக்கு பேரு வெச்சன்னைக்கே இத யோசிச்சேன். சிஸ்டர கேட்டிருக்கலாம். கேக்க பயந்துட்டேன்."

எங்கள் வீட்டில் ஒரே பீரோ. அவள் புடவையும் என் சுடிதாரும் அப்பாவின் பழைய லுங்கிகளும் எப்போதும் ஒன்றாகத்தான் கிடக்கும். அன்று பார்த்தேன், மடித்த என் துணிகளை அவள் தனியாக அடுக்கி வைத்திருந்தாள், எடுக்க வசதியாக. நான் அதைக் கலைத்து அவள் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். நான் குளிக்கப் போனதும், அவள் மறுபடி பிரித்து வைத்திருக்கிறாள்.