ஜமால் பாய் வைத்துத் தந்த இடைவெளி

ஜமால் பாய் காலமான செய்தி என்னைத் தேடி வரவில்லை. நானாகப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலை முழுவதும் வண்டூரில் இருந்தேன்; அங்கே சிக்னல் இல்லை. மதியம் கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, மேட்ச் பார்க்கலாமென்று ரிமோட்டை அழுத்தினேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன், எல்லாமே அணைந்துபோனது. எரிச்சலில் பாயின் எண்ணை அழைத்தேன். எடுத்தது யாரென்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன பாய், ரிமோட்டுல நீங்க வெச்ச டைமிங் லட்சணம் இதுதானா? சவுண்ட் இருக்கு, படம் இல்ல. திரும்ப அமுக்கினா ஒண்ணுமே இல்ல. மேட்ச் ஆரம்பிச்சிருச்சு, ஜல்தி வாங்க!"

எடுத்தவர் அவர் மனைவி மெஹருன்னிசா. நான் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, அவுக காலையில மவுத்தாயிட்டாக. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

நண்பர்களே, செத்துவிடலாம் போலிருந்தது என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. செத்தவர் அவர்.

கப்பல் துறை ஜெட்டியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் கிளம்புவதை இந்தியிலும் தமிழிலும் அறிவித்தவர். பக்கத்து டிக்கெட் கவுன்ட்டரில் நான். வந்தவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட்டை நீட்டி, நீல் தீவுக்குப் போகவேண்டிய ஒரு வங்காளிக் குடும்பத்தை ஹேவ்லாக்குக்கு அனுப்பிவைத்தவன். கவுன்ட்டரிலிருந்தே கத்துவேன், "பாய், சொல்லுங்க, போட் கெளம்புது!" அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, கப்பல் ஊதி முடிக்கட்டும் என்று நிற்பார். "ஹார்ன் மேல பேசினா ரெண்டுமே வீண் சார். ருக்கோ, கொஞ்சம் பொறுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் அறிவித்த பிறகு, என்ன சொன்னார் என்று யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிய டிவி, டிஷ் பெட்டி, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பட்டனில் எழுப்ப ரிமோட்டைச் சரிசெய்து தந்ததும் அவர்தான். பெரிய வித்தையெல்லாம் தெரிந்தவரில்லை. மெயின்லேண்டிலிருந்து மகள் அனுப்பிய அதே மாதிரி ரிமோட்டோடு தன் வீட்டில் மல்லுக்கட்டியிருந்தார், அவ்வளவுதான். "மொதல்ல டிவிய எந்திரிங்கறோம். அது இன்னும் கண்ணே தொறக்கல. அதுக்குள்ள 'பெட்டியக் காட்டு'ன்னா காதுல விழுமா சார்? தோடா டைம், கொஞ்சம் நேரம் குடுங்க." இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, அணைத்து, போட்டு, மறுபடி நீட்டி, ஒவ்வொரு முறையும் படம் வரும்வரை விடவில்லை. என் மனைவி கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பட்டனை அழுத்திவிட்டுப் படத்துக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளி எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு நானே அதைக் குறைத்துவிட்டு, மறந்தும் போயிருந்தேன். ஆக, நான் கெடுத்ததற்குத்தான் அவரைத் திட்டியிருக்கிறேன். அதுவும் அவர் உடல் வீட்டில் கிடக்கும்போது, அவர் மனைவியின் காதில்.

அடக்கத்தில் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். உங்களில் சிலர் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னீர்கள், எனக்குக் கூசியது. மெஹருன்னிசா இப்போது கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா இருக்கிறார். வெளி ஆண்கள் யாரும் அவரைப் பார்க்க முடியாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்க வழியில்லை, போனில்தான் கேட்கவேண்டும். அந்தப் போனைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று அவரே அழைத்தார். திரையில் 'ஜமால் பாய்' என்று வந்தது. எடுத்தேன்.  இந்த முறை அவர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, ரிமோட்டு சரியாயிருச்சா? அவுக இருந்தா இன்னேரம் வந்து பாத்திருப்பாக."

"அவரு வெச்சது சரியாத்தான் இருந்துச்சு தங்கச்சி. நான்தான் கைய வெச்சுக் கெடுத்தேன். மன்னிச்சிருங்க."

 அழுகைதான் கேட்டது. ஆறுதல் சொல்லவும் நான் வாய் திறக்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஜமால் பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். இதையும் அவர் போன பிறகுதான் எடுத்துக்கொண்டேன்.