முள் அசையாத வேலை

எரிவாயுக் கிணறுகளில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. உலகம் முழுக்க இப்படித்தானாம். திருநெல்வேலி டவுனுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அதனால் எனக்குக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில், நாகப்பட்டினம் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு நிலையத்தில் நான் பொறியாளன். சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து குழாய் வழியே வாயு வரும். அதிலிருக்கிற தண்ணீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரித்து, அழுத்தத்தைச் சரிபார்த்து, மின்சாரம் தயாரிக்கிறவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்தது கொஞ்சம், அங்கே போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது மிச்சம். இரண்டு வாரம் அங்கேயே கிடப்போம். பிறகு மாற்று ஆட்கள் வந்து இறங்குவார்கள், நாங்கள் பஸ் ஏறுவோம். வீட்டுக்கு வந்தால் இரண்டு வாரம் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் இருப்பேன்.

ஆழ்வார்திருநகரியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை, ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அதற்கு முன்பும் சில வீடுகளில் சொஜ்ஜி சாப்பிட்டிருக்கிறேன். எந்தப் பெண்ணும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இவள் கேட்டாள்.

"கேஸ் பூமிக்குள்ள எப்படி இருக்கும்? குகையில அடைச்சு வச்ச மாதிரியா?"

"இல்ல. இட்லியில சாம்பார் ஊறி இருக்கும்லா, அது மாதிரி பாறையில ஊறி இருக்கும்."

"அப்ப பாறையப் பிழியுதீயளா?"

"மேல இருக்க பாரமே பிழிஞ்சிரும். நாம ஒரு ஓட்டை போட்டாப் போதும். பொறவு அது ரொம்ப வேகமா வராம பாத்துக்கிடணும்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே பாறையை யோசிக்கிற முகம். அவளுடைய அத்தை, "மாப்பிள்ளைக்குப் பசிக்கி போல, இட்லி இட்லிங்காவ" என்று உள்ளே போனாள். ஊருக்குத் திரும்புகிற பஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அவர்கள்தான் பாக்கி.

எங்கள் பக்கம் பெண் வீட்டார் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் மாப்பிள்ளையின் தெருவில் விசாரிப்பார்கள். அண்ணாச்சியே நேரில் வந்திருக்கிறார். நான் அப்போது வேலையில் இருந்தேன். திரும்பி வந்ததும் தெருவில் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டு, எனக்காக என்னென்ன சொன்னோம் என்று சொன்னார்கள். எல்லாரும் பாசமாகத்தான் சொல்லியிருந்தார்கள். அதுதான் விஷயம்.

டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, தங்கமான பயன்னு சொல்லிட்டேன் வே. ஊரு சுத்த மாட்டான். எப்ப வந்து கூப்பிட்டாலும் வீட்டுலதான் கெடப்பான்னு சொன்னேன்."

"வேலைக்குப் போறதைப் பத்திக் கேக்கலையா?"

"கேட்டாரு, கேட்டாரு. போவான், போனா வந்துருவான்னுட்டேன்."

துணி தேய்க்கிறவர் சொன்னது: "தம்பி சட்டையே அழுக்காகாது. மாசத்துல பாதி நாளு தேய்க்கவே வராதுன்னேன். மனுசன் அசந்து போயிட்டாரு."

முடிவெட்டுகிறவர் எல்லாரையும் விடப் பெருமையாக இருந்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வந்து இடிக்க மாட்டாவ. எல்லாரும் ஆபீசுக்குப் போன பொறவு பைய பதினோரு மணிக்கு வந்து, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் போவாவன்னு சொன்னேன். நெதானமான ஆளுன்னு அவருக்குத் தெரியணும்லா."

மூன்று பேருக்கும் நன்றி சொன்னேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த கல்யாணத் தரகர் வந்தார். உட்காராமல் நின்றார். தரகர் உட்காரவில்லை என்றால் சேதி நன்றாக இல்லை என்று அர்த்தம்.

"பொண்ணு வீட்டுல சின்ன சந்தேகம். மாப்பிள்ளைக்கு வேலை உண்டுமான்னு கேக்காவ."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "அவன் இன்ஜினியர்லா!"

"இன்ஜினியர்ங்கது படிப்பும்மா. அவுக வேலையக் கேக்காவ. வேலை போயிட்டு, அதை மறைச்சு வச்சிருக்கீயன்னு ஒரு நெனப்பு."

"ஆர்டரைக் காட்டுதேன்" என்றேன்.

"நானும் சொன்னேன் தம்பி. காயிதத்துல ஈயத்தையும் வெள்ளின்னு எழுதலாம், நான் தட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்னுட்டாவ அண்ணாச்சி. நேர்ல வந்து பாக்கணுமாம்."

எனக்கு அதில் சந்தோஷம்தான். வேலை இருக்கிறது, வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் எரிவாயு எடுக்கிற வேலையில், வந்து பார்க்கிறவருக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். நான் வேலையில் இருந்த ஒரு பகலில் அண்ணாச்சி தரகரோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கக்கத்தில் குடை. வாசலில் காவலாளி அவருடைய தீப்பெட்டியைக் கேட்டார். எரிவாயு இருக்கிற இடத்தில் தீப்பெட்டி கூடாது என்பது சட்டம்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். நிலையத்தின் மறு கோடியில், ரெண்டு தென்னை உயரத்துக்கு நிற்கிற குழாயின் உச்சியில், ஒரு வீடு அளவுக்குத் தீ எரிந்துகொண்டிருந்தது.

"மொதல்ல அதை அணையும் வே. பொறவு என் தீப்பெட்டியை வாங்கும்."

காவலாளி தஞ்சாவூர்க்காரர். பாதி புரியவில்லை. தீப்பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"அது என்ன தீ, தம்பி?"

"மிஞ்சுன கேஸ், அண்ணாச்சி. வாங்குதவங்களுக்கு வேண்டியது போக மிச்சத்தை எரிச்சிருவோம்."

"விக்கிற சரக்கையா கொளுத்துதீய?"

"அடுக்கி வைக்க இடம் கெடையாது. சும்மா வெளிய விட்டா ஆபத்து."

"எத்தனை நாளா எரியுது?"

"நான் சேர்ந்ததுலேருந்து எரியுது."

நாற்பது வருடம் கடை நடத்திய மனிதர். விற்காத குடத்தைப் பரணில் போட்டு, பத்து வருடம் கழித்தாவது விற்றவர். சரக்கைக் கொளுத்துகிற கம்பெனி எத்தனை நாளுக்கு ஓடும் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. தரகர் இடையில் புகுந்து, "எல்லாம் தம்பி பொறுப்புலதான் எரியுது" என்று எனக்கு ஒத்தாசை செய்தார்.

"சரி, சரக்கைக் காட்டுங்க."

குழாயைக் காட்டினேன்.

"இது குழாய்லா."

"உள்ள போகுது. கண்ணுக்குத் தெரியாது."

"வாசமாவது அடிக்கணும்லா. சிலிண்டர்ல நாறுதே?"

"அது கசிஞ்சா தெரியணும்னு பொறவு சேக்குத வாசம். இதுக்குச் சொந்த வாசம் கெடையாது."

அவர் குழாயைக் குடைக் கம்பியால் தட்டப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனம் உண்டு. ஒரு சுவர் முழுக்க வட்ட வட்டமாக அளவுமானிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். அண்ணாச்சிக்கு நாற்காலி போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"இப்ப என்ன செய்யுதீய?"

"முள்ளைப் பாக்கேன்."

"முள்ளு அசையலையே."

"அசையக் கூடாது."

"அசைஞ்சா?"

"அசைஞ்சாத்தான் ஓட்டம். வால்வைத் திருக்கணும், ஆளை அனுப்பணும், கிணத்தை மூடணும்."

"எப்ப அசையும்?"

"அசையாம இருக்கதுக்குத்தான் சம்பளம், அண்ணாச்சி."

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அன்று ஒருநாள்தான், ஏதாவது ஒரு முள் கொஞ்சம் அசையட்டும் என்று நினைத்தேன். பெரிதாக வேண்டாம், நான் எழுந்து நாலு எட்டு ஓடுகிற அளவுக்கு. நிலையத்தில் இருக்கிற முப்பது பேர் உயிரோடு விளையாடுகிற நினைப்பு அது. முட்களுக்கு என்னைவிடப் பொறுப்பு அதிகம். ஒன்றும் அசையவில்லை. டீ வந்தது. அண்ணாச்சி பக்கம் திரும்பினால் குடையில் கையை ஊன்றி, தலை சாய்ந்து, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. நான் எழுப்பவில்லை. எழுப்பி எதைக் காட்ட?

மதியம் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார். தீப்பெட்டியை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சேதியே இல்லை. நான் ஊருக்கு வந்தேன். வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை, வெளியே போகவும் பிடிக்கவில்லை. வெளியே போனால், "என்னலே, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்பார்கள். அம்மா வேறு இடம் பார்ப்போம் என்றாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்படி இருந்த ஒரு காலையில் தரகர் வந்தார். வந்தவுடன் உட்கார்ந்தார். "வரச் சொல்லுதாவ" என்றார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணாச்சி எங்களை உட்காரவைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து நேராகவே பேசினார்.

"ஒளிச்சுப் பேசத் தெரியாதும்மா எனக்கு. நான் வேண்டாம்னுட்டேன். சரக்கு கண்ணுக்குத் தெரியல. மிஞ்சுனதைக் கொளுத்துதாவ. உங்க மகன் முள்ளைப் பாக்காரு. மாசத்துல பாதி நாளு இருக்க மாட்டாரு, மீதி நாளு வீட்டை விட்டுப் போக மாட்டாரு. இதையெல்லாம் இவகிட்ட வரிசையாச் சொன்னேன். கேக்க மாட்டேங்கா."

அவள் கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா அங்கன உறங்கிட்டாவளாமே? தரகர் சொன்னாரு."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"டீ ஆறுத வரைக்கும். அதுக்கு மேலயும்."

"இவுக பகல்ல உறங்கி நான் பாத்ததே கெடையாது. ராத்திரியில நாலு தடவ எந்திரிச்சு கடைப் பூட்டை இழுத்துப் பாப்பாவ. பக்கத்துல அவ்வளவு பெரிய தீயை வச்சுக்கிட்டு உறங்கியிருக்காவன்னா, யாரோ சரியாப் பாத்துக்கிடுதாவன்னு தோணித்தான உறங்கியிருக்கணும்?"

"ஏளா, ஏசியில எவனும் உறங்குவான்" என்றார் அண்ணாச்சி. குரலில் பலமில்லை.

அவள் விடவில்லை. ஆசிரியை அல்லவா, இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். "ரெண்டு வாரம் வீட்டுல இருப்பீய. நான் பள்ளிக்கூடம் போயிருவேன். அப்ப என்ன செய்வீய?"

"சமைப்பேன்."

"ஏலே, நீயா?" என்றாள் அம்மா.

"கேண்டீன்காரர் வராத நாள்ல அங்கன நாங்கதான் சமைக்கோம். முப்பது பேருக்குச் சோறு வடிச்சிருக்கேன்."

அண்ணாச்சி என்னை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார். "எந்தப் பாத்திரத்துல?"

பெரிய அலுமினியத் தவலை என்று சொல்லி, அகலத்தைக் கையால் காட்டினேன். அவர் வாய்க்குள் ஏதோ அளந்து பார்த்துவிட்டு, "அலுமினியம் ஆகாது" என்றார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.

நான் மெதுவாக, முகூர்த்தம் எப்படியாவது என் வீட்டு வாரங்களில் விழ வேண்டும், வேலை வாரங்களில் மாப்பிள்ளை இருக்க மாட்டான் என்று சொன்னேன்.

பஞ்சாங்கத்தைப் பிரித்த கை நின்றது. "ராகுகாலம், எமகண்டம் பத்தாதுன்னு இது வேறயா?" என்றார்.