தெற்குச் சுவரில் அடைத்த வாசல்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவில் பீடத்திலிருந்து சாலையை நோக்கி வளர்ந்தது. பீடத்தைச் சுற்றிய பகுதிதான் மூத்தது. மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஜன்னல் விளிம்பில் ஓர் ஆள் உட்காரலாம் என்கிற அளவுக்குக் கனமான சுவர். நடுப்பகுதி பிறகு ஓடு வேய்ந்து கட்டப்பட்டது. அந்த ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். முகப்புக் கோபுரம் முழுக்க சிமென்ட்.

தெற்குச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. வளைந்து ஏறி, வளைந்து இறங்கும். பெருவிழாவுக்கு வெள்ளையடித்தால் மறையும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி தெரியும். முன்பு அங்கே வாசல் இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வந்ததால் அடைத்தார்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

கம்பெனிகள் வந்தபின் ஞாயிறு பூசைக்கு இடம் போதவில்லை. சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தென்மாவட்டப் பிள்ளைகள் நைட் ஷிப்ட் முடித்து, சீருடையோடு வந்து பின்னால் நிற்பார்கள். எல்லோரும் வெளியேற முன்வாசல் ஒன்றுதான். கார் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் உள்ளூர் இளைஞர் பங்குப் பேரவையில் இதைச் சொன்னார். தெற்குச் சுவரில் பழைய வளைவு அப்படியே நிற்கிறது, அடைப்பை எடுத்தால் போதும் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

மறுத்தவர் ஒருவர்தான். காலனியைச் சேர்ந்தவர், அதே கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவர், ஐம்பதைத் தாண்டிய பெண்.

"தம்பி, அந்த வாசல் எதுக்கு வச்சாங்கன்னு தெரியுமா? எங்க ஜனம் அதுல வந்து, அதுலயே போறதுக்கு."

"தெரியும்க்கா. இப்ப அதுக்கு இன்னா? நெருப்பு புடிச்சா ஜாதி பாத்தா ஓடுவாங்க?"

சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் அப்பாவும் இன்னும் சிலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வாசல் வழியாக உள்ளே போனதையும், வெளியே வந்தபோது அடி வாங்கியதையும், கொஞ்ச காலம் கோவிலே பூட்டிக் கிடந்ததையும் சொன்னார். கடைசியில் அப்போதைய பங்குச் சாமியார், எல்லோருக்கும் ஒரே வாசல் என்று தெற்கு வாசலை அடைக்கச் சொன்னாராம். அடைப்புக்குச் செங்கல் சுமந்தவர்களில் அப்பாவும் இருந்தார்.

"எங்க நைனா அடி வாங்கி அடைச்ச வாசல் அது. தொறந்து வச்சீங்கன்னா, கூட்டமா கீது, நீங்க அப்டிக்கா போங்கன்னு என்னிக்காவது ஒருத்தன் சொல்வான். கெட்ட எண்ணத்துல சொல்லணும்னு கூட இல்ல."

அதிகாரி, அப்படியானால் வடக்குச் சுவரை உடைக்க முடியுமா என்று கூட்டத்துக்கு வந்திருந்த கட்டட கான்ட்ராக்டரிடம் கேட்டார். அங்கே பழைய வளைவு கிடையாது, மேல்சுவரைத் தாங்கப் புதிதாக லிண்டல் போட வேண்டும், செலவு கூடும் என்றார் அவர். போடலாம் என்று முடிவானது. சுண்ணாம்புச் சுவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. டிரில்லிங் மெஷின் கிளப்பிய தூசு புனிதர் சுரூபங்கள் மீதெல்லாம் படிந்தது.

வடக்கு வாசல் இப்போது திறந்திருக்கிறது. மேலே, கம்பெனிகளில் இருப்பது போன்ற, வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகை. ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் நிற்பதால், பூசை முடிந்ததும் ரூம் பிள்ளைகளும் ஊர்த்தெருக் குடும்பங்களும் முண்டியடித்து அந்த வழியாகத்தான் போகிறார்கள். அந்த அம்மாள் மட்டும் கூட்டம் கரையும்வரை நின்று, முன்வாசல் வழியாகப் போகிறார்.