பூசையில் விழுந்த விக்கெட்

ஜூட்டிடம் போன மாதம் வாங்கிய பழைய கிட்டார் அம்ப்ளிபயர் இன்று பூசையில் பேசியது.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் எனக்கு முன்பு கிட்டார் வாசித்தவன் ஜூட். கீபோர்டுக்கு மாறியதும், "புள்ள மாதிரி பாத்துக்கிட்டது மச்சான், ஒனக்குங்கிறதால தான் குடுக்கிறேன்" என்று என் தலையில் கட்டினான்.

இன்று நற்கருணை வாங்கிவிட்டு எல்லோரும் முழங்காலில் மௌனமாக இருந்த நேரம், அம்ப்ளிபயருக்குள்ளிருந்து சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை. பல்லேகலவில் விக்கெட் விழுந்து மைதானமே கத்துகிறது.

நான் சுவிட்சைத் தேடித் தடவுகிறேன். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கிறது. ஃபாதரும் பார்க்கிறார்.

ஒருவன் மட்டும் திரும்பவில்லை. என் பக்கத்திலேயே, கீபோர்டைப் பார்த்துக் குனிந்தபடி, ஜூட்.

பூசை முடிந்ததும் வாசலில் பிடித்தேன். "ஒனக்கு இது முன்னமே தெரியும் தானே?"

"ஹந்தானை மலை டவர் பக்கத்துல இருக்கு தானே மச்சான், சில நேரம் ரேடியோ புடிக்கும்."

"அப்ப ஏன்டா எனக்கு வித்த?"

"தெரியாத ஆளுக்கு எப்படி மச்சான் இப்படி ஒண்ண விக்கிறது? பாவம் தானே?"

ஆகவே நண்பர்களே, என்னிடம் ஒரு அம்ப்ளிபயர் விற்பனைக்கு இருக்கிறது. உங்களில் எனக்கு மிக நெருக்கமானவர் யார்?