மூன்றாவது கூப்பாடு

வாசலில் நின்று முதல் தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. இரண்டாவது தடவைக்குக் கீபோர்டில் விரல்கள் மட்டும் நின்றன. மூன்றாவதாகக் கத்திய பிறகுதான் தனசேகரன், "இன்னாங்க, வாங்க வாங்க" என்று எழுந்து வந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது.

ஜவ்வாது மலையில் அவருடைய ஊரில், இருட்டிய பின் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்வார்கள். முதல் இரண்டும் பேயின் குரலாக இருக்கலாமாம். இவர் அதைப் பட்டப்பகலிலும் விடுவதில்லை, சென்னைக் கம்பெனியின் வீடியோ மீட்டிங்கிலும் விடுவதில்லை. மலையில் சிக்னல் மோசம் என்று அங்கே நினைத்துக்கொள்கிறார்கள். "மொத கொரலுக்கே ஓடிட்டா, யாரு யாரைக் கூப்ட்டாங்கன்னு எப்பிடிங்க தெரியும்?" என்கிறார்.

இப்போது அவருடைய கம்ப்யூட்டருக்கும் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று தெரியாத வியாதிதான். மருந்துக் கிடங்குகளின் குளிரைக் கண்காணிக்கும் பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்தாளும் ஒரு நிரல் தொகுப்பை, ஒரு லைப்ரரியை, இவர் எழுதியிருக்கிறார். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். பெயரைச் சொன்னால் வேலை நடக்கும். ஒரு கிடங்கில் மட்டும் குளிரின் அளவு கன்னாபின்னாவென்று வருகிறது. இந்த வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் சென்னைக்கே வந்து உட்கார வேண்டும் என்று மேலதிகாரி சகுந்தலா சொல்லிவிட்டார்.

போக முடியாது. வீட்டுக்குள் அம்மா செல்லம்மா இருக்கிறார். மூத்த மகன் அருள்மணி ஒடுகத்தூருக்குப் புளி ஏற்றிப்போன வண்டி வளைவில் கவிழ்ந்து இறந்துபோனான். அம்மாவின் மனம் அதை ஏற்கவே இல்லை. சாப்பாட்டு வேளைக்கு இன்றும் அவனைத்தான் கூப்பிடுகிறார். அவன் வராமல் தானும் வாயில் வைப்பதில்லை. "நான் தனசேகரும்மா, அருளு இல்லம்மா" என்று ஒருநாள் திருத்தியிருக்கிறார் இவர். அம்மா தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து இவர் திருத்துவதில்லை. "மலைய வுட்டும் எறங்க மாட்டாங்க. அருளு வந்து வூட்டத் தேடுமாம்" என்றார். சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

திரையில் எந்தப் பெயருக்கு எந்த லைப்ரரி பதில் சொன்னது என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் தட்டினார். "இங்க பாருங்க. அளவ மாத்தற வேலைக்கு நான் 'கன்வர்ட்'டுன்னு என்னோடதத்தான் கூப்புட்றேன். வேற எவனோ எழுதுன லைப்ரரியிலயும் அதே பேர் இருக்குது. அது முன்னாடி ஏறி நிக்குது, அதான் வந்துடுது. என் வூட்டுக்குள்ள கூப்ட்டா தெருவுல நிக்கறவன் வர்றான்."

தன் லைப்ரரியிலிருக்கும் அந்தப் பெயரை வெளியே தெரியாதபடி மறைத்து, தன்னுடையதையே எடுக்கும்படி மாற்றி அனுப்பினார். கிடங்கின் குளிர் ஒழுங்காக வந்தது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சகுந்தலா.

"சூப்பர் தனசேகரன்! ஆனா மேலேருந்து ஆர்டர் வந்துடுச்சு. வீட்லேருந்து வேலையெல்லாம் இனி யாருக்கும் கிடையாது. திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க."

இவர் வெளியே புளியமரத்தை மூடிக்கொண்டிருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனசேகரன்... ஹலோ, தனசேகரன்? லைன்ல இருக்கீங்களா தனசேகரன்?"

மூன்றாவது குரலுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. போன் தானாக ஓய்ந்தது.

உள்ளேயிருந்து சாமைச் சோற்றின் ஆவியோடு செல்லம்மாவின் குரல் வந்தது, ஒரே ஒரு தடவை.

"அருளு..."

"இதோ வர்றேம்மா" என்று எழுந்து உள்ளே ஓடினார்.