எடுக்கிற வரைக்கும் டிவி இல்லை

டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி, படமும் சீரியலும் இன்டர்நெட்டில் கொண்டுவருகிற பெட்டி, போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் படுத்துவிட்டது. படுக்க வைத்தது என் அம்மா.

பெட்டி தானாகவே அப்டேட் கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். திரையில் கோடு பாதிதான் நிரம்பியிருந்தது. கரண்டை நிறுத்தாதீர்கள் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வேறு. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் அழுகைச் சத்தம். அங்கே படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் போய்விட்டார். அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"இன்னாம்மா பண்ணிட்ட?"

"சாவு வூடுடீ. டிவி ஓடிகினு கீது."

"ஓடல, அப்டேட் ஆயினு இருந்துச்சு!"

"எதுவோ ஒண்ணு. வெளிச்சம் வந்துதுல்ல?"

நான் மறுபடி போட்டேன். கம்பெனிப் பெயர் வந்தது, இருண்டது, திரும்ப அதே பெயர் வந்தது. அதையே செய்துகொண்டிருந்தது. அதற்குள் அம்மா மறுபடி சுவிட்சைத் தட்டி, அதை மறைத்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டிவியை மட்டும் நிறுத்தினால் போதும், பெட்டி பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். செத்தவருக்கு அரைகுறை மரியாதை செய்ய முடியாதாம்.

எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. நானும் கல்மண்டபத்துச் சந்தில் வளர்ந்தவள்தானே. அங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் டிவி கிடையாது. யாரும் வந்து சொல்லமாட்டார்கள். மேளம் கேட்டதும் வீடு வீடாகச் சத்தம் அடங்கும். கேபிள்காரரே எங்கள் சந்துக்கு லைனை நிறுத்திவிடுவார். கடைசி வீட்டுத் தாத்தா இழுத்துக்கொண்டிருந்தபோது, இந்தியா மேட்ச் முடிகிற வரைக்குமாவது தாங்கட்டும் என்று நாங்கள் பசங்களெல்லாம் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். அவர் மேட்சையும் தாண்டி ஒரு வருஷம் இருந்தார். பிணத்தை ஏற்றிய மார்ச்சுவரி வண்டி சந்தைத் தாண்டியதும் யாராவது ஒரு அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எடுத்துட்டாங்க, போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போவாள். அந்தக் குரலுக்காகக் காத்திருந்த சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதால் அந்தச் சந்தை விட்டுக் கொடுங்கையூர் பிளாட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு இங்கே ஒட்டவேயில்லை. அங்கே மீன் நாற்றம், இங்கே குப்பை மேட்டுப் புகை, இரண்டும் நாற்றம்தானே என்றால், "அது நம்ம நாத்தம்" என்பாள். வந்த நாளிலிருந்து ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

எதிர்வீட்டில் சீரியல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கேட்டியா? கீழ பொணம் கீது, இங்க சீரியல் பாத்துகினு கீறாங்க. நாளிக்கு எனுக்கு ஒண்ணுன்னா ஒரு வூட்லயும் ஆஃப் பண்ண மாட்டாங்க. இதுக்கா என்னை இட்டாந்த?"

பேச்சை மாற்ற கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஊக்கால் பெட்டியின் பின்பக்கத்து ரீசெட் ஓட்டையை அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் பெட்டிக்குக் கரண்ட் தருகிற அடாப்டரை மாற்றி மாட்டிப் பார்க்கவேண்டுமாம். எதிர்வீட்டில் இதே பெட்டிதான் என்பது ஞாபகம் வந்தது.

கதவைத் திறந்தது, தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் மனைவி. அடாப்டர் கேட்டேன். எப்படி ரிப்பேர் ஆனது என்று கேட்டதால் அம்மா செய்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்க்கா. இங்க யாரும் செய்யலியேன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்று சொல்லிக்கொண்டே டிவியை நிறுத்தினார். அடாப்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "எடுக்கற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

நான் திரும்பி வந்தபோது அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதிர் வூட்ல கரண்ட்டு போச்சா?"

"இல்லம்மா. ஆஃப் பண்ணிட்டாங்க."

அம்மா அடாப்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேல்மாடிகளில் டிவிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் தளத்தில் மட்டும் சத்தமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மேளம் கிளம்பியது. பால்கனியில் நின்று பார்த்தோம். வண்டி திரும்பி மறைந்ததும் நான் பெட்டியையும் ஊக்கையும் எடுத்துக்கொண்டு அடாப்டருக்குக் கையை நீட்டினேன்.

"நம்முளுது அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிர்க்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்து, எத்தனையோ வருஷமாகக் கேட்காத அந்த வார்த்தைகளை அம்மாவின் குரலில் கேட்டேன்.

"எடுத்துட்டாங்கம்மா. போட்டுக்கோங்க."

பெட்டி மறுநாள்தான் உயிர்பெற்றது, அதே அடாப்டரைத் திரும்பவும் கடன் வாங்கி, ஊக்கால் குத்தி. ஆனால் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மா பெட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எதிர்வீட்டிலிருந்து உள்ளே வந்து, சுவிட்சுக்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

"போவட்டும். எனுக்கு ஆஃப் பண்ண இங்க ஒரு வூடு கீது."